பள்ளி வெடியும் என் இஞ்சிப் போத்தலும்

நோன்பு மாதத்தில் ஒரு சொட்டுக்கூட ருசி பார்க்காமல் கஞ்சிக்கு உப்பைச் சரியாகப் போடுகிற பெண்கள் எங்கள் தில்லையடியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, தன்னாலும் முடியும் என்று நம்பிய ஆண் நான் ஒருவன்தான்.

இன்று சிலாபம் வரை போகும் எங்கள் ஜிஞ்சர் பியரின் சரித்திரம் அங்கேதான் தொடங்குகிறது. (பெயரில்தான் பியர், போதையில்லாத இஞ்சிப் பானம்.) எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் நோன்பு அது. இஞ்சி, சீனி, தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை ஈஸ்ட், மனைவி வீட்டில் மாமியின் குசினி அடுப்படியில் இரண்டு வாளி. (அதற்கே முதலாளி நடை நடந்தேன்.) தொழிலைப் பெருப்பிக்க மாமாவின் உப்புக் கொட்டில் வேண்டும். அது சும்மாதான் கிடந்தது.

"முதல்ல நோன்பு திறக்க ஒரு கிளாஸ் தா மகன். குடிச்சிப் பாத்துச் சொல்றன்" என்றார் மாமா.

நோன்போடு காய்ச்சினேன், நாக்கில் வைக்கப் பயம். சீனியைக் கண்ணளவில் போட்டேன். போத்தலில் அடைக்கும்போது காணாதோ என்று சந்தேகம் வந்தது, இன்னொரு கை போட்டேன். மூடிகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, குசினித் தகரத்துக்குக் கீழே பரணில் அடுக்கினேன். (அந்த வெக்கைக்கு முட்டை வைத்திருந்தால் குஞ்சு பொரித்திருக்கும்.) சீனி கூடினால் போத்தலுக்குள் காஸும் கூடும் என்பது இந்த மேதைக்குத் தெரியாது.

மாமா குடிக்கவிருந்த அன்று கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் பள்ளிவாசல் மைக்கும் இல்லை. பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார், நோன்பு திறக்க நேரமானதும் மதிலோரம் ஒரு யானை வெடி கொளுத்துவார். வண்ணாத்திவில்லுப் பக்கம் தோட்டத்துக்குள் வரும் யானையை விரட்டுகிற அதே வெடி. (மணிக்கூடு பார்த்தால் என்ன என்று கேட்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் வெடிதான் நேரம்.)

ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாயில் காத்திருந்தோம். டமார்!

மாமா "பிஸ்மில்லாஹ்" சொல்லிப் பழத்தை வாயில் போட்டார். பக்கத்து வீடுகளிலும் கிளாஸ் சத்தம் கேட்டது. இன்னொரு டமார். பிறகு இன்னொன்று.

"மோதினாருக்கு என்ன புடிச்சிரிக்கி இண்டைக்கு?" என்றார் மாமி, கஞ்சியைக் குடித்தபடி.

என் மனைவி பர்ஹானா மட்டும் எழும்பிப் போய்க் குசினியை எட்டிப் பார்த்தாள். பரணிலிருந்து இஞ்சித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"வாப்பா, முழுங்காதீங்க! அது பள்ளி இல்ல, இவர்ட போத்தல்!"

மாமா அதற்குள் கொட்டையையே துப்பிவிட்டிருந்தார். வாசலுக்குப் போய்ப் பார்த்தார். களப்புத் தண்ணீருக்கு மேலே சூரியன் இன்னும் மறையாமல் ஆறுதலாக நின்றது. கொஞ்சம் பொறுத்துத்தான் உண்மையான வெடி கேட்டது. முழு ஒழுங்கையும் மதிலுக்கு மேலால் என்னையே பார்த்தது. வெட்கத்தில் செத்தே போனேன். கொட்டிலும் போனது என்றே நினைத்தேன்.

சூரியன் மறையுமுன் திறந்த நோன்பு கூடாது, கணக்கில் சேராது. கழாச் செய்ய வேண்டும், அதாவது வேறொரு நாள் பிடிக்க வேண்டும். நோன்புப் பெருநாள் கழித்து, ஒழுங்கை முழுவதையும் மாமா ஒரே நாளில் பிடிக்க வைத்தார்.

"இத்தன பேரையும் கழாவில உட்டது நீதானே. குடிக்கவும் நீயே கொண்டு வா" என்றார்.

அந்தத் தடவை பெருநாள் வயிற்றோடு, ஆசை தீர ருசி பார்த்துக் காய்ச்சினேன். அன்று நோன்பு திறந்தவர்கள்தான் என் முதல் வாடிக்கைக்காரர்கள். மாமா இரண்டாவது கிளாஸையும் முடித்துவிட்டு, கொட்டில் பூட்டுத் திறப்பை என் மடியில் போட்டார்.

இன்று கற்பிட்டி ஹோட்டல்களுக்கும் அந்தக் கொட்டிலிலிருந்துதான் போத்தல் போகிறது. எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு நோன்பிலும், மைக்கில் பாங்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும், மாமா ஈத்தம்பழத்தைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்புவார்.

"மகன், பள்ளியா, நீயா?"

"பள்ளிதான் மாமா."

அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் நோன்பு திறப்பார்கள்.