செவத்தி அடைகாத்த சாக்கு

கோழிக்குச் சுதந்திரம் கொடுப்பது சுலபம். கொடுத்த சுதந்திரத்தை அது எந்த மூலையில் கொண்டுபோய் அனுபவிக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. தெரியாததை எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிற வயது அது.

ஐம்பதுகளின் நடுவில், போடியில், எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஒரு கோழிக்கூட்டம் இருந்தது. நான் மதுரைக்குப் போயிருந்தபோது ஒரு கண்காட்சியில் கோழி வளர்ப்பைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டேன். கோழியை அடைத்து வைத்தால் அதன் மனம் ஒடியும், மனம் ஒடிந்த கோழி முட்டையிடாது என்றார் பேசியவர். நாடே விடுதலை வாங்கிய பிறகு கோழி மட்டும் பஞ்சாரத்துக்குள் கிடப்பதா? ஊருக்குத் திரும்பிய அன்றே கோழிகளைக் கவிழ்த்து மூடும் அந்த மூங்கில் கூடையைப் பிரித்து அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன். (ஆத்தா அதில்தான் அன்றைக்கு எனக்கு வெந்நீர் போட்டார். நன்றாகவே எரிந்தது.)

குளிக்கச் சாம்பல் குழி, கொத்தக் கம்பும் கறையானும் கீரைத்தண்டும், இரவில் அடையக் கொய்யா மரம் என்று கோழிகளுக்கு எல்லா வசதியும் செய்தேன். முட்டைகளும் பெருகின. அடுத்த சீர்திருத்தத்தில் இறங்கினேன். கோழி அடைக்கு உட்கார அடம்பிடித்தால், எங்கள் பக்கத்தில் அடை தெளிய அதைத் தண்ணீரில் முக்குவார்கள். மூக்கில் இறகு குத்துவதும் உண்டு. அந்தக் கொடுமை இனி இந்த வீட்டில் கிடையாது என்று அறிவித்தேன்.

"அப்ப மண்சட்டியில மணல் போட்டாவது உக்கார வையிடா," என்றார் ஆத்தா.

"வேண்டாம்த்தா. அதுக்குப் பிடிச்ச எடத்த அதுவே பாத்துக்கிரும்."

செவத்தி என்கிற சிவப்புக் கோழி அப்படியே பார்த்துக்கொண்டது. சில நாட்களாக அது கண்ணில் படுவதே இல்லை. மத்தியானம் ஒருதரம் எங்கிருந்தோ வந்து அவசரமாகத் தின்றுவிட்டு மறைந்துவிடும். வைக்கோல்போருக்குள் இருக்கும் என்று நினைத்து, அதன் தன்னம்பிக்கையை நான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை காமாட்சிக்குத் தேவாரம் என்ற ஊரிலிருந்து சம்பந்தம் வந்தது. ஆத்தாவுக்கு அண்ணன் முறையான குருசாமி மாமாவின் மகன்தான் மாப்பிள்ளை. அய்யா தவறிய பிறகு வந்த முதல் நல்ல இடம். ஆனால் மாமா இழுத்தடித்தார். பெண் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள், வீட்டுக்கு அடங்குவாளோ என்று அவருக்குச் சந்தேகம். இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் வரவில்லை. மூன்றாவது முறை மகனோடு வந்துவிட்டார். வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

தெருவை ஒட்டிய முன்னறையில் உட்காரவைத்தோம். மலைத்தோட்டத்திலிருந்து இறக்கிய ஏலக்காய்ச் சாக்குகள் அங்கேதான் சுவரோரமாக இருந்தன. மாமா விவசாயத்தோடு ஏலக்காய் வியாபாரமும் செய்தவர். ஏலக்காய் வியாபாரி எவரும் சாக்கைப் பார்த்தால் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார். பேசிக்கொண்டே, வாய் திறந்து கிடந்த மூலைச் சாக்குக்குள், பார்க்காமலேயே கையை விட்டார்.

அடுத்த நொடி துள்ளி எழுந்தார். புறங்கையில் ஒரு சொட்டு ரத்தம்.

"பாம்பு! பாம்புடா! சீறுச்சு, கொத்திருச்சு!"

வீடு அலறியது. மாப்பிள்ளை துண்டைக் கிழித்துக் கையில் கட்டுப்போட்டார். ஆத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டார். காமாட்சி மட்டும் பதறாமல் மாமாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, பச்சைமிளகாய் கொண்டுவந்து கொடுத்தாள். விஷம் ஏறியவருக்கு மிளகாய் உறைக்காது என்பது அன்றைக்கு எல்லோரும் நம்பிய பரிசோதனை. மாமா கடித்தார். நாங்கள் அவர் வாயைப் பார்த்தோம்.

"ஒறைக்கலையே தாயி!"

(தினமும் கூழுக்கு மிளகாயை வெள்ளரிப்பிஞ்சு மாதிரி கடிப்பவர் அவர். அது யாருக்கும் நினைவில் இல்லை.) இன்னும் கொடுத்தார்கள். அதுவும் உறைக்கவில்லை. ஆத்தாவின் அழுகை ஒப்பாரியாக மாறத் தொடங்கியது.

எனக்கு அந்தச் 'சீறுச்சு' என்ற சொல் உறுத்தியது. அடைக்கோழியும் சீறும். மாமாவின் கையைப் பார்த்தேன், சாக்கைப் பார்த்தேன்.

"ஆத்தா... கோழி... கோழி..." என்று திக்கினேன்.

"ஆமாண்டா! கோழிய வச்சுத்தான் வெசத்த உறிஞ்ச விடுவாக! நல்ல நேரத்துல ஞாபகம் வந்துச்சு. வெரசா ஒண்ணு பிடிச்சுட்டு வா!"

"அதில்லத்தா..."

"நின்னு பேசுற நேரமாடா இது?" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

புழக்கடைக்கு ஓடினேன். வாழ்நாளில் ஒரு நாள்கூட அடைபடாத, மனம் ஒடியாத, நல்ல தீனி தின்று கொழுத்த கோழிகள். ஒன்றுகூட அகப்படவில்லை. கொய்யா மரத்தில் ஏறின, கூரைக்குப் பறந்தன. நான் சாம்பல் குழியில் குப்புற விழுந்ததுதான் மிச்சம். தலை முதல் கால்வரை சாம்பலோடு வெறுங்கையாக வந்து நின்றேன்.

மாமா அப்போது கடைசி வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். காமாட்சி அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டேய் மகனே, இந்தப் புள்ளையத்தான் நீ கட்டணும். பதறாம நிக்கிறா பாரு. இவதான் நம்ம வீட்டுக்கு வெளக்கு. இது நான் சாகும்போது சொல்ற சொல்லு."

மாப்பிள்ளை தேம்பியபடி தலையை ஆட்டினார்.

அந்த நேரத்தில் மூலைச் சாக்கு அசைந்தது. செவத்தி தலையை நீட்டி எங்களை ஒருமுறை பார்த்தது. பிறகு விளிம்பில் ஏறிக் குதித்து, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, 'க்ர்ர்க்' என்று அதே சீறலோடு மாமாவின் நீட்டிய காலைத் தாண்டிப் புழக்கடைப் பக்கம் நடந்தது. மத்தியானத் தீனி நேரம்.

காமாட்சி மெதுவாகச் சொன்னாள்: "மாமா, வெசம் எறங்கிருச்சு போல."

மாமா சாக்கைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. கண்ணில் நீர் கட்டியது. கோபம் என்று நினைத்து நான் ஓர் அடி பின்வாங்கினேன்.

"அய்யோ... ஒறைக்குதுடா! தண்ணி கொண்டா! தண்ணி!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஒரு செம்பு மோரும் இரண்டு அச்சு வெல்லமும் உள்ளே போனபிறகு மாமா, "நான் சொன்னது என்னன்னா..." என்று மெல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை விடவில்லை. "சாகும்போது சொன்ன சொல்லுப்பா. மாத்தப்பிடாது," என்றார்.

கல்யாணம் தையில் நடந்தது. எனக்குக் கோழி வளர்க்கும் உரிமை பறிக்கப்பட்டது. ஆத்தா புதுப் பஞ்சாரம் வாங்கினார். செவத்தியை மட்டும், குஞ்சு பொரித்து முடிக்கும்வரை, அந்தச் சாக்கிலிருந்து யாரும் கிளப்பவில்லை. சம்பந்தத்தை முடித்துவைத்த மரியாதை அதற்கு.

காமாட்சியின் பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் குருசாமி மாமா அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது என் உறவுமுறையைத்தான். இன்றைக்கும் தேவாரத்துக்கு நான் பஸ்சில் போய் இறங்கினால், நரை விழுந்த அந்தப் பிள்ளைகள் தெருமுனையிலிருந்தே வீட்டுக்குக் குரல் கொடுக்கிறார்கள்:

"அம்மா, பாம்பு மாமா வந்திருக்காரு!"