கனடா எண்ணெய்

“பேன் மருந்து இருக்கோ, பிள்ளை? எனக்கில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.”

கிளிநொச்சிப் பாமசியில் கமலாசனி குரலைத் தாழ்த்திக் கேட்டபோது, அவருடைய வலது கை கொண்டைக்குள் மும்முரமாக இருந்தது.

தர்மபுரத்தில் மாதர் சங்கத் தலைவி அவர். போன மாதம் முன்பள்ளியில் ஒலிவாங்கியைப் பிடித்து, “பேன் இருக்கிற வீட்டில சுத்தம் இல்லையெண்டு அர்த்தம்!” என்று முழங்கியவர். முழங்கிவிட்டுப் பிள்ளைகளை மடியில் வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். வினை அந்த மடிவழியேதான் தலைக்கு ஏறியது. நாளைக்குப் புதிய தலைவி தெரிவு. சொறிகிற தலைவிக்கு யார் கை உயர்த்துவார்கள்?

பாமசிப் பெண் பிரஷாந்தினி பெரிய போத்தில் ஒன்றை எடுத்து வைத்தாள்.

“இது நஞ்சில்லை, அன்ரி. சிலிக்கோன். பேனைப் பொலித்தீனால சுத்தின மாதிரி மூடிப்போடும். மூச்சுவிடுற ஓட்டை அடைபடும். குடிச்ச ரத்தத்தில இருக்கிற தண்ணியை வெளிய விடவும் ஏலாது. அதோட சரி.”

“பாவங்கள்,” என்றார் கமலாசனி, சொறிந்தபடி.

“காய்ஞ்ச தலையில வைச்சு விடியுமட்டும் விடுங்கோ. நெருப்புக்குக் கிட்டப் போகாதேங்கோ. ஈர் பொரிச்சு வரும், அதால ஏழு நாளால திரும்ப வைக்கோணும். இதுதான் கடைசிப் போத்தில். இனி வாற கிழமைதான் வரும்.”

“எனக்கில்லையெண்டு சொன்னனானெல்லோ?”

“ஓம் அன்ரி. நகத்தால சொறியாதேங்கோ, புண்ணாகும்.”

பின்னேரம் போத்தில் லேபலைக் கிழித்தெறிந்துவிட்டு, ஒழுங்கையால் போகிறவர்களின் கண்ணில் படாத இடமென்று குசினிக்குள் நின்று தலையில் ஊற்றினார். தலைக்குப் போனது போக, தரைக்கும் கொஞ்சம் போனது.

கணவர் இளையதம்பி எட்டிப் பார்த்தார். “என்னப்பா, தலை மினுங்குது?”

“தங்கச்சி கனடாவால அனுப்பின எண்ணெய். வைச்சால் அடுப்பு மூட்டக்கூடாதாம். நீங்களே தேத்தண்ணியை வையுங்கோ.”

“உது தங்கச்சி அனுப்பினதோ, என்ர எதிரி அனுப்பினதோ?”

கலியாணம் கட்டி முதல்முறையாக இளையதம்பி குசினிக்குள் காலை வைத்தார். அந்தக் கால் நிற்கவில்லை. சிலிக்கோன் பேனென்றும் மனிதரென்றும் பார்ப்பதில்லை. வெறுங்கேத்திலையும் ஒரு கதிரையையும் கூட்டிக்கொண்டு டைல்ஸில் வாசல்வரை வழுக்கிப்போய், “ஐயோ, நான் போறன்!” என்று அலறினார்.

ஒழுங்கைப் பெண்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். அதிசயம் என்னவென்றால், விழுந்தவரை ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் கமலாசனியின் தலையில்.

“அக்கா, என்ன மினுக்கம்!” என்றாள் முன்வீட்டுக் கமலேஸ்வரி.

“கனடா எண்ணெய்...”

“எங்களுக்கும் கொஞ்சம் தாங்கோவன்!”

“அது எங்கட பரம்பரைத் தலைமயிருக்குத்தான் சரிவரும்.”

“ஒரு சொட்டு எண்ணெய் தராதவாவுக்கு நாளைக்கு என்னண்டு கை உயர்த்துறது?” என்றாள் பக்கத்து வீட்டுச் சுகந்தினி.

கமலாசனி போத்திலை நீட்டினார். அது கைமாறிக் கைமாறி, கடைசியில் கவிழ்த்துத் தட்டப்பட்டது.

“என்னையும் ஆராவது தூக்கிவிடுங்கோ,” என்றது வாசலில் ஒரு குரல்.

அன்றிரவு கமலாசனிக்கு நித்திரை இல்லை. விடிய இந்தப் பெண்டுகள் தலை இழுக்க, செத்த பேன் கொட்டி, அது பேன் மருந்தென்று தெரிந்தால்? தலைவிப் பதவியோடு கனடாவின் மானமும் அல்லவா போகும்!

மறுநாள் சங்க மண்டபத்தில் பார்த்த தலையெல்லாம் நனைந்த பனங்காய்போல் மினுங்கியது. “கமலாசனி அக்காவே தலைவி!” என்று சுகந்தினி கத்த, எல்லாக் கையும் மேலே. ஒரு கைகூடத் தலைக்குள் இல்லை.

கமலாசனிக்கு மூச்சு வந்தது. “வேற ஏதும் பிரேரணை இருக்கோ?” என்று பெருந்தன்மையாகக் கேட்டார்.

கமலேஸ்வரி எழும்பினாள்.

“ஏழு நாளால திரும்ப வைக்கோணுமெல்லோ, அக்கா. கடைசிப் போத்திலைத் தலைவி கொண்டுபோட்டா எண்டு பாமசிப் பிள்ளை எங்கள் எல்லாரையும் நேற்றுத் திருப்பி அனுப்பிப்போட்டாள். இந்தமுறை கனடா எண்ணெயைச் சங்கத்தின்ர பேரில பெட்டியோட எடுப்பம்!”