மெச்சிச் சிறைக்கு அனுப்புகிறவர்

மனித குலத்தில், முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே குழியில் தள்ளுகிற இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் பக்கத்து நியாயத்தை உங்களைவிட அழகாக எடுத்துச் சொல்வார். உங்கள் துணிச்சலைப் புகழ்வார். இளமையில் தானும் கொடி பிடித்து மழையில் நடந்ததை நினைவுகூர்வார். குரல் தழுதழுக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு "ஆனால்" என்பார். அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால்தான் கம்பிக்கதவு இருக்கிறது.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், எங்கள் ஊர் நீதிமன்றத்தில், இந்த இனத்துக்கு ஒரு தலைசிறந்த மாதிரி வீற்றிருக்கிறார். நீதிபதி மாலக்கி கான்சிடைன். அவர் திட்டினால் நீங்கள் பிழைத்தீர்கள். குடித்துவிட்டு டிராக்டரை உருளைக்கிழங்கு வறுவல் கடைக்குள் ஓட்டிய ஒருவனைப் போன செவ்வாய்க்கிழமை "மூடனே, நீ பிறந்த ஊருக்கே அவமானம்" என்று கால் மணி நேரம் கிழித்தார். கிழித்து முடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பதினொரு மணித் தேநீருக்கு அவன் தன் வீட்டு அடுப்பங்கரையில் இருந்தான்.

அடுத்து வந்தவர்கள் இருவர். ஓய்வுபெற்ற நர்ஸ் அட்ராக்டா மீனி, எழுபது வயது. எரிபொருள் போட எங்கள் விமான நிலையத்தில் இறங்கும் அமெரிக்கப் படைவிமானத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, வேலியை வெட்டி ஓடுபாதைவரை போனவர். பின்னாலேயே அதே துளைக்குள் குனிந்து போய் அதைப் படமெடுத்த டெர்வ்லா, உள்ளூர் வாரப் பத்திரிகை நிருபர், இருபத்து நான்கு வயது. அட்ராக்டாவுக்குச் சிறை பழகிய இடம். டெர்வ்லாவுக்கோ அடுத்த திங்கட்கிழமை டப்ளின் நாளிதழ் ஒன்றில் வேலை காத்திருந்தது. அன்றைக்கு அவள் சிறையில் இருந்தால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

எங்கள் ஊரில் கூண்டில் ஏறுகிறவர் நற்சான்றுக் கடிதங்களோடு ஏறுவது வழக்கம். பாதிரியார் ஒன்று தருவார், ஹர்லிங் ஆட்டக் குழுவின் செயலாளர் ஒன்று தருவார். வக்கீல் டெக்லன் லில்லிஸ் வெளியூர்க்காரர். நம் நீதிபதியை அறியாதவர். ஐந்து கடிதங்களோடு எழுந்தார்.

பொழுதுபோக்குக்காக வாரந்தவறாமல் நீதிமன்றத்துக்கு வரும் பிரைடி என் பக்கத்தில் பெருமூச்சு விட்டாள். "அடப்பாவி மனுஷா, அஞ்சு லெட்டரா! அந்தப் பொண்ணுகிட்ட பல் விளக்குற பிரஷ் இருக்கான்னு யாராவது கேளுங்க."

நீதிபதி முதல் கடிதத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது. பிரைடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட்ராக்டா, நீங்க எப்பேர்ப்பட்டவங்க! எங்க அம்மாவையே கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டவங்க."

"ஆமா மாலக்கி. அந்த விமானத்துல என்ன இருந்துச்சு?"

"அருமையான கேள்வி! ஒவ்வொரு குடிமகனும் கேக்க வேண்டிய கேள்வி. ஆனால் இந்தக் கோர்ட்டுல இல்ல."

இரண்டு மாதம் சிறை.

வேறெங்கே கேட்பது? அதை அவர் சொல்லவில்லை. இந்த இனம் ஒருபோதும் சொல்லாது. கேள்வி நல்லது, கேட்கிறவர் நல்லவர், நேரமும் இடமும்தான் எப்போதும் சரியில்லை.

பிறகு டெர்வ்லாவின் பக்கம் திரும்பினார். பத்திரிகை ஜனநாயகத்தின் தூண் என்றார். மீனவர் குடும்பங்களைப் பற்றி அவள் எழுதியதைப் படித்துத் தன் மனைவி அழுததைச் சொன்னார். "பயந்த நிருபரால என்னம்மா பிரயோஜனம்? உன்ன மாதிரி பத்துப் பேர் வேணும். ஆனால் தூண் வேலிக்கு வெளிப்பக்கம் நிக்கணும். இவ்வளவு புத்திசாலி, இவ்வளவு நல்லவ. உனக்குத் தெரியாம நடந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்ல?"

அப்போதுதான் வக்கீலுக்கு உறைத்தது. கையிலிருந்த ஐந்தாவது கடிதத்தை நைசாகக் கோட்டுப் பைக்குள் செருகினார்.

"ஜட்ஜ், என் கட்சிக்காரர் அப்படியொண்ணும் நல்லவங்க இல்லை."

"என்னது?"

"சுமார்தான், ஜட்ஜ்."

டெர்வ்லாவும் பிடித்துக்கொண்டாள். "நெஜந்தான் சார். எனக்கு எழுத்துப்பிழை ஜாஸ்தி. கோயிலுக்குப் போறதே இல்ல. அம்மாவுக்குப் போன் பண்ணியே மூணு வாரம் ஆச்சு. என்னைத் திட்டுங்க சார், தயவுசெஞ்சு!"

நீதிபதியின் கண்கள் நிறைந்தன. "இதோட தன்னடக்கம் வேற!" என்றார். மூன்று வாரம் என்று எழுதத் தொடங்கிய பேனா நான்கு வாரம் என்று முடித்தது.

திங்கட்கிழமை வேலை போயிற்று.

காவலர் கேட்டதும் டெர்வ்லா கேமராப் பையைக் கழற்றிக் கொடுத்தாள். அட்ராக்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பக்கவாசலை நோக்கி நடந்தபோது மக்கள் பெஞ்சு முழுவதும் எழுந்து நின்றது. கைதட்டினோம். நீதிபதியும் தடுக்கவில்லை, மேசையடியில் அவரும் தட்டினார் என்று பிரைடி இன்றைக்கும் சாதிக்கிறாள். "தங்கமான பொண்ணுங்க" என்றார் ஒருவர். "தைரியந்தான், ஆனா வேலிய வெட்டியிருக்க வேணாம்" என்றார் இன்னொருவர். இன்னும் உட்கார்ந்திருந்தால் எதிர்க்கடையில் சூடான ஸ்கோன் ரொட்டி தீர்ந்துவிடும் என்பதால் எல்லாரும் கலைந்தோம்.

நீங்கள் மாலக்கியைப் பார்த்து எரிச்சலடைகிறீர்கள். சரிதான். டெர்வ்லாவை நினைத்து உங்கள் மனம் பதைக்கிறது. அதுவும் சரிதான்; உங்கள் இளகிய மனதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது, அந்தப் பெண் வேலிக்கு வெளியிலிருந்தே படமெடுத்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தீர்கள், இல்லையா?

உட்காருங்கள், நீதிபதி அவர்களே.