பாதி பாஸ்வேர்டு

ஓசூர் தொழிற்பேட்டையிலேயே, தன் நிழல் எதற்காகப் பின்னால் வருகிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தவர் ஒருவர்தான்: எங்கள் லேத் பட்டறை ஓனர், பூட்டு அண்ணன். டிபன் பாக்ஸுக்கும் பூட்டுப் போட்டவர். சானமாவுக் காட்டிலிருந்து யானை கிளம்பிவிட்டது என்று ஊரே போனில் பதறினால், "யாரு கெளப்பிவுட்டதுன்னு பாரு" என்பார்.

அங்கே பில் போட்டுக்கொண்டிருந்த நான், இணையத்தில் ஓசியாகக் கிடைத்த இடத்தில் பட்டறைக்கு ஒரு வெப்சைட் செய்தேன். முகவரியில் எங்கள் பெயருக்குப் பின்னால் இடம் கொடுத்தவன் பெயர் கூட்ஸ் வண்டியாக நீண்டது. சும்மா கொடுக்கிறவனுக்கு இதில் என்ன லாபம் என்று அண்ணன் குடைந்துகொண்டே இருந்தார். பதில் தானாக வந்தது. ஒரு காலையில் எங்கள் பக்கத்தின் உச்சியில் எதிர்த் தெருப் பட்டறையின் விளம்பரம், மினுக்கி மினுக்கி. அந்தப் பட்டறைக்காரனிடம் கை நீட்டிக் காசு வாங்கினாயா என்று என்னைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் விசாரித்தார். மூன்றிலும் ஒரே பதில் வருகிறதா என்று பார்க்கத்தான்.

பிறகு ஒருநாள் பக்கமே காணாமல் போயிற்று. கேட்க ஆளில்லை, மெயிலுக்குப் பதிலில்லை. பெங்களூரிலிருந்து எங்கள் பெரிய வாடிக்கைக்காரர் போன் செய்து, பட்டறையை மூடிவிட்டீர்களா, ஆர்டரை வேறிடம் தரட்டுமா என்றார். அண்ணன் எழுந்துபோய்த் திறந்திருந்த ஷட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்றே காசு கொடுத்து வெப்சைட்டுக்குச் சொந்தப் பெயர் வாங்கினோம். வருஷா வருஷம் புதுப்பிக்காவிட்டால் வேறொருவன் எடுத்துக்கொள்வான் என்று நான் சொன்னதுதான் தப்பு. புதுப்பிக்கிற கணக்கின் பாஸ்வேர்டை இரண்டாகப் பிளந்தார். முன்பாதி அவர் அடிப்பார். நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பின்பாதி நான், சுவர் அவருக்கு. கண்ணாடியில் தெரியுமோ என்று பிள்ளையார் படத்தையும் திருப்பி மாட்டினார்.

ஒரு வருஷம், கெடு முடிகிற நாளில், நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எதிர்த் தெருக்காரன் பெயரைப் பிடுங்கக் காத்திருக்கிறான் என்பது அவர் கணக்கு. மகனை வெளியே அனுப்பினார். நர்ஸையும்.

"காதக் குடு. எழுதிக்காத."

சொன்னார். என் பாதியையும் சொல்லட்டுமா என்றேன்.

"வாணாம்ப்பா. ரெண்டும் ஒருத்தன்கிட்ட இருக்கறது ஆபத்து. அந்த ஒருத்தன் நீயா இருந்துட்டுப் போ."

பெயர் தப்பியது. அவர் வீடு திரும்பவில்லை.

இப்போது பட்டறை மகனுடையது, புதுப்பிப்பது நான்தான். யாருமில்லாத அறையில், முன்பாதியை அடிக்கும் முன், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன். அண்ணன் அடித்து முடிக்கட்டும்.