சூரிய மீன் உலர்த்தி

பரிசு கிடைக்காமல் வெட்கப்பட்டவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். பரிசு கிடைத்ததற்காக வெட்கப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். தேட மினக்கெடாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு என்று சொன்னால் வகுப்புக்கே சிரிப்பு வரும். ஒரே வாங்குப் பலகையில் எல்லோரும் இருந்துவிடலாம். அதிபர் சிஸ்டருக்கு எங்கள் ஆய்வுகூடத்தின்மேல் நெடுநாளாகக் கண். ஒருநாள் தையல் டீச்சரோடு வந்து, நாங்கள் இருக்கும்போதே சுவரை நாடாவால் அளந்தார்.

"இந்த முறையும் விஞ்ஞானப் போட்டியில வெறுங்கையோட வந்தீங்களெண்டா, இதுக்குள்ள தையல் மெஷின் போடப்போறன்" என்றார்.

எங்கள் பத்மினி மிஸ்ஸுக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஆய்வுகூடம் போனால் அடுத்த வருடம் விஞ்ஞான வகுப்பே இருக்காது. நானும் என் சிநேகிதி ரிஸானாவும் அன்றைக்கே சபதம் எடுத்தோம். (சபதம் எடுப்பதில் மட்டும் நான் எப்போதும் முதலாம் இடம்.)

எங்கள் கண்டுபிடிப்பு, சூரிய மீன் உலர்த்தி. முகத்துவாரத்தில் வெயில் குறைந்தால் கருவாடு போடுகிறவர்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஒரு மரப்பெட்டி, உள்ளே கறுப்புப் பெயின்ட், மேலே சரிவாக ஒரு கண்ணாடி மூடி, காற்றுப் போய்வரப் பக்கங்களில் துளைகள். மங்கல் வெயிலிலும் மீன் காயும். பலகையும் கண்ணாடியும் ரிஸானாவின் வாப்பாவுடைய ஹார்ட்வெயார் கடையிலிருந்து வந்தன. மொட்டைமாடியில் ஒரு நல்ல வெயில் நாளில் நெத்தலி வைத்துப் பார்த்தோம். சருகுபோலக் காய்ந்தது. நான் நிலத்தில் நடப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

போட்டிக்கு நெத்தலி போதாது, பெரிய சூடை மீன்தான் வேண்டுமென்று முடிவெடுத்ததும் நான்தான். உப்பு வேண்டாம் என்றதும் நான்தான்.

"உப்புப் போடாட்டி நாறும்டி ஸ்டெல்லா" என்றாள் ரிஸானா.

"உப்புப் போட்டா, மீன் காய்ஞ்சது உப்பாலயா வெயிலாலயா எண்டு நடுவர் கேப்பார். விஞ்ஞானம் சுத்தமா இருக்கவேணும்."

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா, விடியற்காலையிலேயே மீன் சந்தைக்குப் போய்ச் சூடை வாங்கிவந்தார். வழியில் கண்டவர்களுக்கெல்லாம், "என்ட மகள் கருவாட்டு மெஷின் கண்டுபிடிச்சிருக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

போட்டி ஹெவ்லொக் டவுனில் ஒரு மண்டபத்தில். நாங்கள் பதிந்தது பௌதிகவியல் பிரிவில். வெள்ளிக்கிழமை பொருட்களை ஒப்படைக்கவேண்டும். சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, மண்டபம் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வருவார்கள். பெட்டியை நல்ல வெயில் விழும் பெரிய ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தோம். இரண்டு நாள் வெயிலில் கருவாடு தயார் என்பது என் கணக்கு.

நாங்கள் பஸ் ஏறும்போதே மழை தொடங்கியது. ஞாயிறு காலைவரை விடவில்லை. மழைத் தூவானத்தில் பிள்ளைகளின் பெட்டி நனைந்துவிடுமே என்று, மண்டபத்துக் காவல்காரர் அதை அன்றே தூக்கி மாடிப்படிக்குக் கீழே இருட்டில் பத்திரப்படுத்தியிருந்தார். நல்ல மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கால் வைத்ததுமே ரிஸானா மூக்கைப் பிடித்தாள்.

"யாரோ உள்ளுக்கு மவுத்தாகிட்டாங்கடி."

யாரோ செத்துத்தான் போனார்கள் என்று எனக்கும் பட்டது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று சிலுவைகூடப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் எங்கள் மேசையைக் கண்டேன். காவல்காரர் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார். பக்கத்து மேசைப் பையன்கள் தங்கள் கப்பி மாதிரியை மேசையோடு தூக்கிக்கொண்டு, கழுத்துப்பட்டியால் மூக்கைப் பொத்தியபடி மறுபக்கச் சுவரோரம் குடியேறிக்கொண்டிருந்தார்கள்.

கிட்டப் போய்க் கண்ணாடிக்குள் பார்த்தேன். கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க ஈக்கூட்டம், பெரிய பெரிய இலையான்கள். துளை வழியே உள்ளே போகத் தெரிந்த அவற்றுக்கு வெளியே வரத் தெரியவில்லை. கீழே சூடை மீன்கள் அசைந்தன. செத்து இரண்டு நாளான மீன் எப்படி அசையும்? குனிந்து பார்த்தால், உலையில் சோறு கொதிப்பதுபோல வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள்.

"மிஸ்..." என்றேன். பத்மினி மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "மாதாவே!" என்றார். (அவர் சைவ சமயத்தவர்.)

மூடிவைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று பெட்டியில் கைவைத்த நேரம் பௌதிகவியல் நடுவர் வந்துவிட்டார். கழுத்துப்பட்டி கட்டிய உயரமான மனிதர். நாங்கள் "வேணாம் சேர்" என்று கத்துவதற்குள் மூடியைத் திறந்தார். இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்த அத்தனை இலையான்களும் அவருடைய முகத்துக்கே விடுதலையாகின. அவர் கைலேஞ்சியை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடியதை மண்டபமே பார்த்தது. நான் ஆய்வுகூடத்தில் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்தைக் காதாரக் கேட்டேன்.

அப்போது உயிரியல் பக்கமிருந்து ஒரு சிங்கள அம்மா வந்தார். விலங்கியல் விரிவுரையாளராம். பெட்டிக்குள் தலையை விட்டார். ஓடவில்லை. பேனையால் ஒரு மீனைப் புரட்டினார்.

"மேக்க பலன்ன!" இதைப் பாருங்கள் என்று மற்ற நடுவர்களைக் கூப்பிட்டார். இலையானின் வாழ்க்கை வட்டத்தை நாங்கள் காட்சிக்கு வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். முட்டை, சிறிய புழு, பெரிய புழு, இலையான் எல்லாம் ஒரே பெட்டிக்குள், கண்ணாடி வழியே பார்க்கும்படி. யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் சுவரில் ஒட்டியிருந்த 'சூரிய மீன் உலர்த்தி' விளக்கப்படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். ரிஸானாதான் வாய் திறந்தாள். உள்ளே ஏன் கறுப்புப் பெயின்ட் என்ற கேள்விக்கு, வெள்ளைப் புழு எடுப்பாகத் தெரியத்தான் என்றாள். கூட்டுப்புழு எங்கே என்றதற்கு, இன்னும் நாலைந்து நாள் தந்தால் அதுவும் வரும் மேடம் என்றாள். கண் இமைக்கவில்லை. நான் அவளைப் பார்த்து அதிர்ந்ததுபோல அந்தப் புழுக்களைப் பார்த்துக்கூட அதிரவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்து சேர்ந்தார், துறைமுகத்து நண்பர்கள் சகிதம்.

"மேடம், இது என்ட மகள் செய்த கருவாட்டு மெஷின்!"

பத்மினி மிஸ் அப்பாவின் காலை மிதித்தார். நேரம் பிந்திவிட்டது. அந்த அம்மா என்னை மெல்ல விலக்கிவிட்டு விளக்கப்படத்தை வாசிக்கச் சொன்னார். மிஸ் அழாக்குறையாக மொழிபெயர்த்தார். உப்புப் போடாத தத்துவம்வரை ஒன்றும் மிச்சமில்லை. கேட்டுமுடித்த அந்த அம்மாவின் தோள்கள் குலுங்கின. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் அட்டையிலிருந்த 'பௌதிகவியல்' என்ற சொல்லை வெட்டி, மேலே 'உயிரியல்' என்று எழுதச் சொன்னார்.

பின்னேரம் உயிரியல் பிரிவில் இரண்டாம் இடம் என்று எங்கள் பெயரை வாசித்தார்கள். (பிரிவில் இருந்ததே நாலு பேர்தான் என்பதை அப்பா இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.) மேடைக்கு எப்படிப் போனேன், எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. கை குலுக்க வந்த பிரதம விருந்தினர், கிட்ட வந்ததும் கையை எடுத்துக் கும்பிட்டது மட்டும் ஞாபகம்.

அதிபர் சிஸ்டர் பரிசுக் கேடயத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, அதை அலுவலகத்தில் வைக்கவேண்டாம், ஆய்வுகூடத்திலேயே வையுங்கள் என்றார். ஆய்வுகூடம் தப்பியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது பிழையாய்ப் போனாலும் "உயிரியலுக்கு மாத்து" என்பதுதான் பேச்சு. கருகிப்போன கேக், சாயம் போன சாரி, என் தம்பி விட்டுவிட்ட இரண்டு வேலைகள் எல்லாமே உயிரியலுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன.

போன வருடம் என் மகள் கணிதப் போட்டிக்குப் போய், தெரிவாகாமல் வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பினாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவளே சொன்னாள்:

"அங்க இருந்த மிஸ்ஸிட்ட, என்னை உயிரியலுக்கு மாத்தேலுமா எண்டு கேட்டனான் அம்மா. அவ முழுசிப்போட்டு, ஏன் பிள்ளை உயிரியல் எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னனி?"

"எங்கட குடும்பம் அதிலதான் பிரைஸ் எடுக்கிறது எண்டன்."