கோலியர்ஸ் வுட் பாசி வதம்

வாழ்க பாலேந்திரா! கோலியர்ஸ் வுட் ஊரின் குலக்கொழுந்து, பின்வளவு ஷெட்டின் தனிப்பெருங் காவலன், இறப்பர்க் கையுறை பூண்ட கையினன், மகளின் நீச்சற் கண்ணாடி அணிந்த கண்ணினன். அவன் புகழ் பாட, நாவே நீ குழறாதே, தண்ணீர்க் குழாயே நீ அடைபடாதே! மாலை நான்கு மணிக்கு மகள் துஷ்யாவின் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

தாரில் சல்லி பதித்த ஷிங்கிள் தகடுகளால் வேய்ந்த அந்த ஷெட்டின் சாம்பல்நிறக் கூரையிலே, மழையையே உணவாகவும் நிழலையே அரணாகவும் கொண்டு, அணியணியாக இறங்கிக் கோடுகோடாகக் கறுத்துப் பாளையமிட்டிருந்தது பாசிப் பெரும்படை. சமையல் நடக்கும் குசினியின் யன்னலால் பார்த்தால் முதலில் தெரிவது அதுதான். வரப்போகும் சம்பந்தியம்மா அங்கே நின்று, கூரை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று ஒரு சொல் கேட்டுவிட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று பாலேந்திராவுக்குச் சில நாட்களாகச் சரியான நித்திரை இல்லை.

மைத்துனன் பிரியந்தன் தண்ணீரைச் சீறிப் பீச்சும் ஜெட் வொஷ் எனும் இடிமுழக்கப் படைக்கலத்தை நீட்டினான். பாசியோடு சல்லியையும் பெயர்த்துக் கூரையையே மொட்டையாக்கும் அக்கொடுங்கருவியை வீரன் தீண்டவில்லை. பிளீச்சும் தண்ணீரும் சரிபாதி கலந்த தெளிப்பானையே தேர்ந்தான். ஆனால் அந்தோ, கூரையின் கீழே நின்றது மனைவி தவநாயகியின் கறிவேப்பிலை. குளிர்காலம் முழுக்க ஹீற்றருக்குப் பக்கத்தில் பிள்ளைபோல் வளர்ந்து, வெளியே வைத்ததற்கு இலையெல்லாம் கொட்டிக் கோபித்து, இப்போதுதான் அது தளிர்த்திருந்தது. இன்னொருமுறை சாடியை நகர்த்த அவள் சம்மதிக்கவில்லை. எண்டிசையும் கேட்க அவள் சூளுரைத்தாள்:

"உதிலை ஒரு இலை கருகினாலும், இந்த வீட்டிலை இனி ஒருத்தருக்கும் தாளிச்சுப் போடமாட்டன். சொல்லிப்போட்டன்."

தாளிக்காத பருப்பை நினைத்து, எதற்கும் அஞ்சா நெஞ்சம் ஒருகணம் அஞ்சியது.

ஏணி புதிது. புதுக் காரின் சக்கரங்களுக்கு வைப்பதுபோல அதன் இரு கால்களுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, முதற்படிக்கு விபூதியும் பூசிக் கணவனைப் போருக்கு அனுப்பினாள் தவநாயகி. வீரத்திருமகன் மூன்றாம் படியை மிதித்த அக்கணமே தேசிக்காய்கள் உருண்டன, ஏணி ஆடியது, புயலிற் சிக்கிய பாய்மரத்து மாலுமியெனப் கூரையோர மழைநீர்ப் பீலியைப் பற்றித் தொங்கி, ஒரு காலால் வானத்தை உதைத்து, மறு காலால் படியைத் தேடி, ஒருவாறு மண்ணில் இறங்கினான். இறங்கியவன் ஆணையிட்டான்:

"இஞ்சரும், முதல்லை உந்தத் தேசிக்காயை எடும். ஏணி வழுக்குது. பிளீச்சிலை புளி பட்டால் நச்சுப் புகையும் வரும்."

அவள் எடுத்தெறிந்து நிலத்தைக் கழுவினாள். பிள்ளையாரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு, மேலே தெறித்தால் பிடிக்கவென்று தோளில் ஒரு குடையையும் மாட்டிக்கொண்டு, ஏணியைத் தானே பிடித்துக்கொண்டாள்.

மூண்டது பெரும்போர்! கூரையில் காலே பதிக்காது, ஏணியில் நின்றபடியே, கார்மேகம் பொழிந்ததென அவன் மருந்து பொழிய, ஒரு கையில் ஏணியும் மறு கையில் தண்ணீர்க் குழாயுமாக அவள் கறிவேப்பிலையைக் குளிப்பாட்டியபடி நிற்க, பீலியால் வழிந்ததையெல்லாம் வாளி ஏந்திக்கொள்ள, அந்தோ, காற்றுத் திரும்பியது! பிளீச்சுத் திவலைகள் இளந்தளிரை நோக்கிப் பாய்ந்தன. குழாயை உதறினாள், தோளில் தொங்கிய குடையை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள், செடியின் மேல் விரிந்தது கருங்குடை. குடை முழுக்க வெளிறிய புள்ளி விழுந்தது, செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கால் மணி நேரம் ஊறவிட்டு மெல்லிய நீர்த்தாரையால் அலச, கறுப்புப் படை கரைந்தோடிக் கூரை புதிதுபோல் வெளித்தது. ஏணியில் நின்ற பாலேந்திராவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை. புள்ளிக்குடையைப் பார்த்துத் தவநாயகியும் சிரித்தாள்.

நான்கு மணிக்கு, திக்கெட்டும் அதிர அழைப்புமணி முழங்க, குசினி யன்னலின் திரைச்சீலையை இருபுறமும் ஒதுக்கி, தன் வெற்றிக் கூரையை வையகம் காணத் திறந்துவைத்து, நீச்சற் கண்ணாடியின் தழும்பு முகத்தில் விழுப்புண்ணென விளங்க, வாசலுக்கு நடந்தான் வீராதிவீரன்.

வந்தவர்கள் முன்னறையிலேயே இருந்து தேத்தண்ணி குடித்து, கல்யாணத்துக்கு நாளும் பேசி, போகும்போது கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.