பத்தாம் தேதிக்குள் வந்துசேர்ந்த மரணம்

மிகுந்த மரியாதைக்கும் அன்புக்கும் உரிய பெரியப்பாவுக்கு,

தம்பி மகள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் நலம். இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கட்டும் பிரிக்கப்பட்டு, நீங்கள் பூரண நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்னும் இரண்டு வாரம் நீங்கள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், இதைப் பெரியம்மாதான் வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். ஆகவே பெரியம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். வாசிக்கும்போது வரிகளை விட வேண்டாம், நடுவில் அபிப்பிராயம் சொல்ல வேண்டாம், வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் கதவைச் சாத்திவிடவும். நம் குடும்பத்தில் கதவைச் சாத்தச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். காரணம் பின்னால் வருகிறது.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை போன் செய்தேன். நீங்கள் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டீர்கள். "சொல்லும்மா, எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றீர்கள். கண்ணை விசாரிக்க வந்த எட்டுப் பேராவது பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொட்டு மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நீங்கள் எனக்குக் கொடுத்த வேலை சின்னது. உங்கள் தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, உபதேசியார். போதகர் இல்லாத ஊரில் ஜெபமும் நடத்தி, பள்ளிக்கூடமும் நடத்தியவர். அவர் காலமானபோது லுத்தரன் சபையின் மாதப் பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தியை யாரோ கத்தரித்து நம் வேதாகமத்துக்குள் வைத்தார்கள். கத்தரித்த புண்ணியவான் தேதியையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டார். அந்தச் செய்தியை வார்த்தை மாறாமல் கருங்கல்லில் வெட்டி, வருகிற மாதம் முதல் ஞாயிறு கோயில் சுவரில் பதிப்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். "கல்லு ரெடி. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கு. நீ போய் அந்தப் பழைய பத்திரிகையைப் புரட்டி ஒரு தேதி எடுத்துட்டு வா, போதும்" என்றீர்கள். போதும் என்று நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

சபைத் தலைமை அலுவலகத்தின் பின்கட்டில், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, ஒரு நீளமான அறை இருக்கிறது. அங்கேதான் அந்தப் பத்திரிகைகள் வருட வாரியாகத் தைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்பவரை நான் மனதுக்குள் கையுறைக்காரர் என்று அழைக்கிறேன். வெள்ளைக் கையுறை போடாமல் யாரையும் தாளைத் தொட விடமாட்டார், பேனாவைக் கண்டால் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டுப் பென்சில் கொடுப்பார். பொருளடக்கம் கிடையாது. எது வேண்டுமானாலும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். ஞானஸ்நானம் பெற்றோர், விவாகமானோர், மரித்தோர் என்று மாதம் தவறாமல் பட்டியல். நடுவே பிரசங்கம், கடிதங்கள், ஆர்மோனிய விளம்பரம். ஆண்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. பெண்கள் எல்லாரும் 'மேற்படியாரின் மனைவி'. உங்கள் பாட்டியின் பெயரைப் பதினைந்து வருடத் தாள்களில் தேடினேன். ஒரு இடத்திலும் இல்லை. அது என்னைத் தனியாக வருத்தியது, அதைப் பிறகு பேசலாம்.

மூன்றாவது நாள் 1908 ஜூலை இதழில் அந்தச் செய்தி அகப்பட்டது. ஒன்றரைப் பக்கம். அவருடைய பொறுமை, அவருடைய குரல்வளம், முத்து முத்தான அவருடைய கையெழுத்து, கடைசியாக அவர் சொன்ன "கதவைத் திறந்தே வையுங்கள்" என்ற வார்த்தை, எல்லாம் இருந்தது. அடியில் 'ஒரு சிநேகிதன்' என்று கையொப்பம். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் அச்சாகிற, உங்கள் வாசல் நிலையில் செதுக்கியிருக்கிற, முப்பது வருடமாக நீங்கள் மேடைதோறும் விளக்கிவருகிற அதே கடைசி வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணீர் தாளில் விழாதபடி கையுறைக்காரர் ஓடிவந்து என் முகவாயின் கீழே ஒரு அட்டையைப் பிடித்தார். அன்று சாயங்காலமே தேதியை உங்களுக்குச் சொன்னேன். நீங்களும் அடுத்த நிமிஷமே கல்தச்சரிடம் சொல்லிவிட்டீர்கள். பெரியப்பா, அந்த ஒரு நிமிஷத்தை நீங்கள் தாமதித்திருக்கலாம்.

ஏனென்றால், வந்ததுதான் வந்தோம், தாத்தாவின், அதாவது உங்கள் அப்பாவின், ஞானஸ்நானத் தேதியையும் பார்த்துவிடலாம் என்று மறுநாளும் போனேன். அவர் பிறந்த வருஷம் நம் வீட்டில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அவர் வேலை பார்த்த அலுவலகம் ஒன்று சொன்னது, அவர் ஒன்று சொன்னார். நான் 1900-லிருந்து 1908 வரை புரட்டினேன். இல்லை. சும்மா இருக்க மாட்டாமல் மேலே புரட்டினேன். 1911 மார்ச் இதழ். ஞானஸ்நானம் பெற்றோர் பட்டியலில், ஏழாவது வரியில், நம் தாத்தா. வயது: இருபது நாள். தகப்பன்: உபதேசியார்.

பெரியம்மா, இந்த இடத்தில் நிறுத்தி அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நான் விரல் விட்டு எண்ணினேன். கையுறையோடு எண்ணினால் தப்பாக வருகிறதோ என்று கழற்றிவிட்டும் எண்ணினேன். கையுறைக்காரர் பதறி வந்தார்.

"என்னம்மா, பூச்சி ஏதாவது கடிச்சிருச்சா?"

"இல்ல சார். எங்க தாத்தா பிறந்திருக்காரு."

"நல்ல விஷயந்தானே?"

"அவங்க அப்பா செத்து மூணு வருஷம் கழிச்சு."

அவரும் எண்ணினார். பிறகு, நான் போக ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாகத் தன் கையுறையைக் கழற்றினார். "உட்காருங்க. முதல்ல மூச்சு விடுங்க. இங்க வர்றவங்க எல்லாரும் பெருமை தேடித்தான் வர்றாங்க. பாதிப் பேர் ரெண்டாவது வாரம் வர்றதில்ல."

"அச்சுப்பிழையா இருக்குமா சார்?"

"இருக்கலாம். அதுக்குத்தான் அடுத்தடுத்த வருஷத்தையும் பாக்கணும்."

பார்த்தோம். 1913-இல் தாத்தாவின் தங்கையும் பிறந்திருக்கிறார். தகப்பன்: அதே உபதேசியார். ஒன்று என்றால் அச்சுப்பிழை. இரண்டு என்றால் அது குடும்பம்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் மனுஷியாக இல்லை. பெயர்கூட அச்சில் வராத அந்த அம்மாளைப் பற்றி என்னென்னவோ நினைத்தேன், நினைத்ததற்காக அவரிடமே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். நாவல்களில் இதுபோல நடந்தால் எவ்வளவு பெருந்தன்மையோடு படிக்கிறேன்! நம் வீட்டில் என்றதும் அந்தப் பெருந்தன்மை எங்கே போனது என்று தெரியவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் உபதேசியார் படத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, என் மூக்கையே அளவெடுக்கிற?"

"ஒண்ணுமில்லப்பா. இது யார் மூக்கு?"

"என் மூக்குதான். ஏன், வேற யாராவது கேட்டு வந்தாங்களா?"

அப்பாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஞாயிறன்று போதகர் திரையை விலக்கப் போகிறார், சபையார் எல்லாரும் கல்லை வாசிக்கப் போகிறார்கள். அதில் யாராவது ஒருவர் கூட்டல் கழித்தல் தெரிந்தவராக இருந்தால் போதும், உங்கள் அப்பாவின் பிறப்பே சந்தி சிரிக்கும். அந்தத் தேதியைத் தந்தவள் நான். இதுதான் என்னைத் தின்றது.

மூன்றாம் நாள் கையுறைக்காரரே போன் செய்தார். "அம்மா, உடனே கிளம்பி வாங்க. உங்க கொள்ளுத்தாத்தா கடிதம் போட்டிருக்காரு."

1908 செப்டம்பர் இதழ், கடைசிப் பக்கம், ஆர்மோனிய விளம்பரத்துக்குப் பக்கத்தில், தலைப்பில்லாமல் பொடி எழுத்தில் இருந்தது. பென்சிலால் நான் பிரதி எடுத்ததை அப்படியே தருகிறேன்:

'கனம் பத்திராதிபர் அவர்கள் சமுகத்துக்கு, காலஞ்சென்ற உபதேசியார் எழுதிக்கொண்டது. தங்கள் ஜூலை இதழில் அடியேனுடைய மரணத்தை வாசித்து மிகவும் துக்கப்பட்டேன். காய்ச்சல் கண்ட பன்னிரண்டாம் நாளில் வைத்தியர் என்னைக் கைவிட்டபடியாலும், இவ்வூரில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே ஆனபடியாலும், பிறர் தவறாய் எழுதாதபடிக்கு என் இரங்கல் செய்தியை நானே எழுதிவைத்தேன். பத்தாம் தேதிக்குள் வந்துசேராதவை அம்மாதம் அச்சேறாது என்று தாங்கள் அட்டையில் போட்டிருப்பதால், என் மனைவி முன்ஜாக்கிரதையாக அதைத் தபாலில் சேர்த்துவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை. பதினைந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. எனக்குப் பதிலாக அனுப்பப்பட்ட புதிய உபதேசியார் பெட்டியோடு வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நல்லவர். ஆனாலும் நான் உயிரோடிருப்பதை அச்சில் கண்டால்தான் திரும்பிப்போக முடியும் என்கிறார். மேலும், கதவைத் திறந்தே வையுங்கள் என்று நான் சொன்னதைச் சிலர் பெரிதாக வியாக்கியானம் பண்ணுகிறார்கள். எழுத வெளிச்சம் போதாமல் என் மனைவியிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கையோடு அதுவும் உள்ளே போய்விட்டது. ஆகையால் நான் மரிக்கவில்லையென்பதைச் சபையாருக்கு அறிவிக்கும்படி தாழ்மையாய் வேண்டுகிறேன்.'

அதன் கீழே ஆசிரியர் குறிப்பு: 'முன் வந்த செய்தியின் கையெழுத்தும் இக்கடிதத்தின் கையெழுத்தும் ஒன்றாயிருப்பதால் எதை நம்புவதென்று விளங்கவில்லை. இரண்டையும் வெளியிட்டிருக்கிறோம்.'

கையுறைக்காரர் சிரித்த சிரிப்பில் மேல்தட்டிலிருந்து தூசி கொட்டியது. நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. உண்மையில் அவர் காலமானது 1914 டிசம்பரில். அந்த மாதப் பத்திரிகையில் ஒரே ஒரு வரிதான்: 'இவரைப் பற்றி 1908-ஆம் வருஷம் ஜூலை இதழில் விரிவாக எழுதியிருப்பதால் இங்கே கூறவில்லை.'

ஆகவே பெரியப்பா, உங்கள் பாட்டியின் மானத்துக்கு ஒரு குறையும் இல்லை. பதினைந்து வருடத் தாள்களில் அவர் செய்ததாகப் பதிவான ஒரே காரியம், கணவனின் மரணத்தை நேரத்தோடு தபாலில் சேர்த்ததுதான். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தக் கல்! தேதி தப்பு. வாசகம், அவரே அவரைப் புகழ்ந்துகொண்டது. கடைசி வார்த்தை, கடைசி வார்த்தையே இல்லை. தன்னைப் பற்றித் தானே இரங்கல் எழுதி, அடியில் 'ஒரு சிநேகிதன்' என்று போட எந்த மனிதருக்காவது கை வருமா? படித்தவர், ஊருக்குப் புத்தி சொல்கிறவர் செய்கிற காரியமா இது? தயவுசெய்து கல்தச்சரை உடனே நிறுத்துங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "பெரியவர் வாயால வந்தாத்தான்மா உளியைக் கீழ வைப்பேன்" என்கிறார். புதிதாக ஒரு கல்லில் பெயரும் 1914-ம் மட்டும் போதும். மற்றதை நம்மோடு வைத்துக்கொள்வோம்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடுங்கள், குனியாதீர்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கம். கடவுள் உங்கள் இருவரையும் நெடுங்காலம் குறையில்லாமல் காப்பாராக.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அதே சபைப் பத்திரிகையின் இந்த மாத இதழ் வந்தது. பதினான்காம் பக்கத்தில் உங்கள் படம் இருக்கிறது. சுற்றிலும் கறுப்புக் கட்டம். உங்கள் பொறுமை, உங்கள் குரல்வளம், உங்கள் மேடைப்பேச்சு, 'குடும்ப வரலாற்றை எழுதும் பொறுப்பைத் தம்பி மகளிடம் ஒப்படைத்தார், அவளுடைய மந்தத்தால் அது முடிவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை' என்று ஒரு வரி, அடியில் 'ஒரு சிநேகிதன்'. நான்குமுறை போன் செய்தேன். ஐந்தாவது முறைதான் பெரியம்மா எடுத்தார்கள்.

"பெரியம்மா! பெரியப்பா எங்க?"

"அவரா? குனியாதீங்கன்னா கேக்குறாரா? கட்டிலுக்கு அடியில செருப்பைத் தேடிட்டிருக்காரு. ஏம்மா அழுற?"

சொன்னேன்.

"அடப்பாவமே, போட்டுட்டாங்களா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் எழுதி என் கையில குடுத்தாரும்மா. பத்தாம் தேதி தாண்டிட்டா அடுத்தது ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து ஒரே இதழாம். எதுக்கும் இருக்கட்டுமேன்னு அனுப்பி வச்சேன்."

பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது. நீங்கள் இறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு பாராவை வெட்டிட்டானா பாரு!" என்றீர்கள்.

ஆகவே, எந்த மனிதருக்காவது கை வருமா என்று மேலே நான் கேட்டதை அடித்துவிடவும். பத்திரிகை அலுவலகத்திடம் பேசினேன். சம்பந்தப்பட்டவரே எழுத்தில் மறுத்தால்தான் திருத்தம் போடுவார்களாம். உபதேசியார் கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். காய்ச்சல் என்ற இடத்தில் கண் என்று மாற்றி, தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டால் போதும். பத்தாம் தேதிக்குள் போய்ச்சேர வேண்டும். தபாலில் சேர்க்கப் பெரியம்மாவிடமே கொடுங்கள். அவர்கள் கையில் கொடுத்தது எதுவும் தாமதமானதாக நம் குடும்ப வரலாற்றில் பதிவே இல்லை.